மேப்பிள் தரைக்குக் கீழே

ஹெம்லாக் கிரீக், மிச்சிகன்
நவம்பர் 6, 1988

அன்புள்ள ஹெல்மி அக்காவுக்கு,

உன் தம்பி ஆர்விட் எழுதுவது. நான் நலம், டெல்லாவும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே முதல் பனி விழுந்து மூன்று நாளாகிறது. போனிலேயே கேட்டிருப்பேன், ஆனால் போனை எடுத்தால் 'ம்', 'சரி', 'அப்புறம்' என்ற மூன்று வார்த்தைக்கு மேல் எனக்கு வராது என்று நீதான் சொல்லிச் சிரிப்பாய். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். எங்கள் டிரெய்லர் வீட்டுக்கு மரத்தரை போடப் போகிறேன். வாங்கிய நாளிலிருந்து, பதினேழு வருஷமாக, டெல்லா கேட்டுக்கொண்டிருந்த தரை. அந்தப் பச்சைக் கம்பளத்தைக் கிழித்து வெளியே எறிந்தாகிவிட்டது. எங்கள் மில்லில் பள்ளிக்கூட விளையாட்டு அரங்குகளுக்கு மேப்பிள் பலகை அறுப்பது உனக்குத் தெரியும். கறுப்புக் கீற்று ஓடும் பலகைகளைக் கழித்துவிடுவார்கள். அதை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் வண்டியில் ஏற்றும்போது மேஸ்திரி, "டிரெய்லருக்கு மேப்பிளா? கோழிக்கூண்டுக்குக் கண்ணாடிக் கதவு போடுற மாதிரில்ல இருக்கு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மரம் எனக்குத் தெரியும். வீடுதான் தெரியாது. நீ எல்கார்ட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக இந்த வீடுகளுக்குத் தரை போடுகிறாய். கம்பளத்துக்கு அடியில் பழுப்பாக ஒரு பலகை இருக்கிறதே, அதில் ஆணி நிற்குமா? கூடத்துக்கு நடுவே நீளமாக ஒரு மேடு ஓடுகிறதே, அதை எப்படி மறைப்பது? காபிக் கோப்பையோடு டெல்லா அதில் தடுக்காத வாரமில்லை.

சீக்கிரம் பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி ஆர்விட்


எல்கார்ட், இந்தியானா
நவம்பர் 19, 1988

அன்புத் தம்பி ஆர்விட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம், முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பதினேழு வருஷம் சும்மா இருந்துவிட்டு, உறைபனிக் காலத்தில் கம்பளத்தைக் கிழித்து எறிந்தவனை இப்போதுதான் பார்க்கிறேன். டெல்லா எப்படி விட்டாள்?

இன்னொன்று. உன் கடிதத்துக்கு அடியில் டெல்லா எப்போதும் எனக்கு இரண்டு வரி எழுதுவாள். இந்தத் தடவை இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?

சரி, தரை. அந்தப் பழுப்புப் பலகை மரத்தூளை அமுக்கிச் செய்தது. தண்ணீர் பட்டால் கஞ்சி மாதிரி ஊறிவிடும். ஊறின இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, ஒட்டுப்பலகை போட்டு, அதன்மேல் ஆணி அடி. சுவர் ஓரம் அரை அங்குலம் இடைவெளி விடு. நீ மேடு என்கிறாயே, அது மேடு இல்லை. உன் வீடு இரண்டு லாரியில் இரண்டு பாதியாக வந்தது மறந்துவிட்டதா? அந்த இரண்டும் சேரும் இடம் அது. இரண்டு பாதியும் தனித்தனிக் கல் தூண்கள்மேல் உட்கார்ந்திருக்கின்றன; தனித்தனியாகத்தான் ஏறும், இறங்கும். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு பலகைகூடப் போகக் கூடாது. கோட்டின் இரண்டு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு சட்டத்தை ஆணி இல்லாமல் வை.

எல்லாவற்றுக்கும் முன்னால், சுற்றியுள்ள தகரத் தட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கீழே ஊர்ந்து போய் ஒரு தடவை பார்த்துவிடு.

டெல்லாவை இரண்டு வரி எழுதச் சொல்.

அக்கா ஹெல்மி


ஹெம்லாக் கிரீக்
டிசம்பர் 4, 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். டெல்லாவுக்கு வேலை அதிகம், அடுத்த தடவை எழுதுவாள்.

பலகை முழுவதையும் கூடத்தில் அடுக்கிவிட்டேன். வீட்டுச் சூட்டுக்கு மரம் பழக வேண்டும். சோபா வெளியே போய்விட்டது, நான் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். பக்கத்து டிரெய்லர் அர்மான் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, டெல்லா ஊர்ல இல்லாத நேரம் பாத்து மில்லையே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்ட போல" என்று கிண்டல் செய்தான். அவனுக்கு வேறு வேலை இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் என் சட்டைப்பையிலிருந்து ஒரு நீல மெழுகுக்குச்சியை அடித்துக்கொண்டு போகிறவன் பேசுகிறான். பலகைக்குத் தரம் போடும் குச்சி அது. மேஸ்திரியிடம் வருஷா வருஷம் திட்டு வாங்குவது நான்.

நீ சொன்ன அரை அங்குல இடைவெளி எனக்குப் புரியவில்லை. பத்தொன்பது வருஷமாக நான் பலகை பார்க்கிறேன். இரண்டு பலகைக்கு நடுவே ஒரு தாள் நுழைந்தால் அது தரையே இல்லை. கோட்டோடு நிறுத்து என்கிறாயே, அதுவும் புரியவில்லை. மேடு போக வேண்டும் என்றுதானே இந்த வேலையே? வீட்டுக்குக் கீழே சிமெண்ட் கல்லும் சிலந்தியும் தவிர என்ன இருக்கப்போகிறது? பதினேழு வருஷமாக நான் போனதில்லை, வீடு எங்கும் ஓடிவிடவும் இல்லை.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

ஆர்விட்


எஸ்கனாபா, மிச்சிகன்
டிசம்பர் 15, 1988

அன்புள்ள ஹெல்மி அக்காவுக்கு,

டெல்லா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தை ஹெம்லாக் கிரீக் தபால்காரர் இங்கே திருப்பி அனுப்பினார். தனியாக எனக்கு மட்டும் எழுதியிருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஏதோ பட்டிருக்கிறது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அக்டோபர் எட்டாம் தேதியிலிருந்து நான் என் தங்கையின் பேக்கரிக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். முதுகைத் தவிர நலம்.

நீங்கள் மட்டும்தான் இதைப் புரிந்துகொள்வீர்கள். முதல் வசந்தத்தில் படுக்கையறைக் கதவு மூடவில்லை, வீடு சாய்கிறது என்று அவரிடம் சொன்னேன். "வீடு சாயல, உன் கழுத்துதான் சாயுது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அர்மானோடு ஸ்மெல்ட் மீன் பிடிக்க ஆற்றுக்குப் போய்விட்டார். நான் உங்களுக்குப் போன் செய்தேன். பனி உருகினால் கல் தூண்கள் புதையும் என்று சொல்லி, தண்ணீர் மட்டம் பார்க்கும் டியூபையும் தபாலில் அனுப்பினீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலும் அவர் மீனுக்குப் போகும் சனிக்கிழமை நான் கீழே போவேன். ஜாக்கியால் தூக்கி, ஆப்பு அடித்து, மேலே வந்து கதவைப் பார்த்து, மறுபடி கீழே. முதல் வருஷம் ரோஷத்தில் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவராகவே கேட்கட்டும் என்று இருந்தேன். பிறகு பழகிப்போயிற்று.

போன ஏப்ரலில் பாதி வேலையில் முதுகு பிடித்துக்கொண்டது. சேற்றில் மல்லாந்தபடி இரண்டு மணி நேரம் கிடந்தேன். அன்றைக்கு மீன் வரவில்லை என்று அவர் சீக்கிரம் வந்துவிட்டார். தலைக்கு மேலே நடக்கிற சத்தம், டிவி போடுகிற சத்தம் எல்லாம் கேட்டது. கூப்பிட்டேன், ஜாக்கிக் கம்பியால் தட்டினேன். வீட்டுக்கு அடியில் ஏதோ காட்டுப் பிராணி புகுந்துவிட்டது என்று அவர் தரையில் ஓங்கி உதைத்து, "ஓடு, சனியன் புடிச்ச ராக்கூனே!" என்று கத்தினார்.

அப்புறம் ஊர்ந்துதான் வெளியே வந்தேன். "முதுகுக்கு என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "சரி" என்றார். ஆறு மாதம் பார்த்தேன், அந்த 'சரி'க்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அவரிடம் எதுவும் சொல்லாதீர்கள், அக்கா. அவராகத் தெரிந்துகொள்கிறாரா என்று பார்க்க வேண்டும். அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

உங்கள் முழங்காலைக் கவனியுங்கள்.

டெல்லா


எல்கார்ட்
ஜனவரி 7, 1989

அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நான் நலம். ஒத்தடம் கொடுக்கிறேன்.

டெல்லாவை மிகவும் கேட்டதாகச் சொல். அவள் எங்கே இருக்கிறாளோ அங்கே போய்ச் சொல். எழுதும்போது கை தானாக ஓடிவிட்டது. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தரையைப் பற்றி நான் எழுதியதில் ஒன்றையும் நீ கேட்கவில்லை. நீ மில்காரன், பலகை அறுக்கப்பட்டதும் உன் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அது வேனிலில் ஊதும், குளிரில் சுருங்கும். இடைவெளி அதற்குத்தான். கோட்டுக்குக் குறுக்கே ஆணி அடித்தாயானால், இரண்டு பாதியையும் நீ கட்டிப்போட்டதாக ஆகிவிடும். ஒன்று இறங்கினால் மற்றதையும் இழுத்துக்கொண்டு இறங்கும், இல்லை பலகை கிழியும்.

கீழே போய்ப் பார் என்று இத்தோடு இரண்டு தடவை எழுதிவிட்டேன். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாரேன். சிலந்தி உன்னை ஒன்றும் செய்யாது. இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

குளிரில் பத்திரம்.

ஹெல்மி


ஹெம்லாக் கிரீக்
பிப்ரவரி 5, 1989

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அனுமதி இல்லை என்றால் என்ன அர்த்தம்? யார் அனுமதி? தொழிற்சாலை ரகசியமா?

சரி, நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தில் டெல்லா நலம் என்று எழுதியது பொய். நலமாகத்தான் இருப்பாள், ஆனால் இங்கே இல்லை. அக்டோபரில் ஒரு பையோடு போய்விட்டாள். சண்டை கிடையாது அக்கா, சத்தியமாக. மீன் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "இந்த வீடு தானா நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கல்ல ஆர்வி? நெனச்சுக்க" என்றாள். எஸ்கனாபா பஸ் ஏறிவிட்டாள். இத்தனை மாதமாக அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மண்டை காய்கிறேன். வீடு பின்னே எப்படி நிற்கும்? நான் ஒரு நாளும் குடித்துவிட்டு வந்ததில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுக்கிறவன். என்ன குறை என்று யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்டு நான் செய்யாதது ஒன்றே ஒன்றுதான், மரத்தரை. வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

அதனால்தான் குறுக்கே போட்டேன். ஆமாம், போட்டுவிட்டேன். கோட்டின் மேல் ஒட்டுப்பலகையை இழைத்துச் சமன் செய்து, ஒன்பதடிப் பலகைகளை இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிவரை ஓடவிட்டேன். எங்கே இரண்டு வீடு சேர்கிறது என்று நீயே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அர்மான் காலணியைக் கழற்றிவிட்டு நடந்தான். "இதுல பாஸ்கெட்பால் ஆடலாம்டா, கூரைதான் இடிக்கும்" என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு இது.

மெருகுப்பூச்சு முடிந்ததும் படம் எடுத்து டெல்லாவுக்கு அனுப்பப் போகிறேன். அவள் வந்துவிடுவாள் என்று நினைக்கிறேன். வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் இல்லாமல் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது அக்கா.

ஆர்விட்


எஸ்கனாபா
மார்ச் 20, 1989

அன்புள்ள ஹெல்மி அக்காவுக்கு,

நலம். ரொட்டி மாவு பிசைவது முதுகுக்கு நல்லது போலிருக்கிறது.

சொல்லட்டுமா சொல்லட்டுமா என்று மூன்று கடிதம் எழுதிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர் அனுப்பிய படம் வந்தது. உறைக்குள் ஒரு வரி எழுத்து இல்லை. தரை மட்டும்தான். ஒரு ஓரத்தில் அவருடைய காலுறை தெரிகிறது, கட்டைவிரலில் ஓட்டையோடு. என் தங்கை பார்த்துவிட்டு, "என்னடி இது, தரைய அனுப்பியிருக்கான்? நீ போயி அதுக்கு முத்தம் குடுக்கணுமா?" என்று கேட்டாள். சிரித்தோம். அப்புறம் நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

தரை அழகாக இருக்கிறது அக்கா. அதுதான் எனக்குக் கோபம். இவ்வளவு பொறுமையாக ஒரு வேலையைச் செய்யத் தெரிந்த மனிதர், கீழே ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லையே. குறுக்கே ஓடும் பலகைகளை விரலால் எண்ணிப் பார்த்தேன். போன வருஷம் நான் பாதித் தூண்களைத்தான் சரிசெய்தேன். மறு பாதி அப்படியே கிடக்கிறது. பனி உருகினால் இந்தத் தரை தாங்காது. இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், அவருக்குத்தான் தெரியாது. சொல்லாமல் இருப்பது பாவமா என்று யோசிக்கிறேன். சொல்லிவிட்டால், நான் சொல்லித்தான் தெரிந்தது என்று ஆகிவிடும். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. உடையட்டும் என்றும் இருக்கிறது, உடையக் கூடாது என்றும் இருக்கிறது.

உடைந்தால் பிறகு உங்கள் இஷ்டம். அதுவரைக்கும் வேண்டாம்.

டெல்லா


ஹெம்லாக் கிரீக்
ஏப்ரல் 14, 1989

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்கக்கூட மனசு இல்லை, மன்னித்துக்கொள்.

போன திங்கட்கிழமை படுக்கையறைக் கதவு மூடவில்லை. செவ்வாய்க்கிழமை குளியலறைக் கதவு திறக்கவில்லை. இன்று காலை காபி போடும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கூடத்தின் நடுவில் ஆறு பலகைகள் கூரை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு நெடுக்காகப் பிளந்துவிட்டன. ஆணிகள் வளைந்து வெளியே எட்டிப் பார்க்கின்றன. ஜன்னல் பக்கம் ஒரு பாட்டில் மூடியை வைத்தேன், சமையலறைவரை உருண்டு போயிற்று.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதினேழு வசந்தம் இந்த வீட்டில் இருந்திருக்கிறேன். ஒரு தடவைகூட ஒரு கதவு சிக்கியதில்லை. நீ சொன்னதைக் கேட்காதது தப்புத்தான், ஆனால் தரை உடைந்தது பலகையால் என்றால் கதவுகள் ஏன் சாய்கின்றன? வீட்டுக்கு இந்த வருஷம் மட்டும் என்ன வந்தது? டெல்லாவிடமிருந்து படத்துக்குப் பதிலும் இல்லை. அர்மான் வந்து பார்த்தான், கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆர்விட்


எல்கார்ட்
ஏப்ரல் 18, 1989

ஆர்விட்,

நான் நலம். நீ உன் டார்ச்சை எடு. தகரத் தட்டியைக் கழற்று. கீழே போ. குளிர்சாதனப் பெட்டிக்கு நேர் கீழே உள்ள தூணிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தூணாகப் பார். இந்தச் சனிக்கிழமை அர்மான் மீனுக்குக் கூப்பிடுவான், போகாதே.

பார்த்ததை எனக்கு எழுதாதே. யாருக்கு எழுத வேண்டும் என்று உனக்கே தெரியும்.

அக்கா


ஹெம்லாக் கிரீக்
ஏப்ரல் 22, 1989

அன்புள்ள டெல்லா,

உன் முதுகு எப்படி இருக்கிறது? இதை நான் போன வருஷமே ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டும்.

இருபது வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது என்று இப்போதுதான் உறைக்கிறது. தப்புத் தப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்.

இன்று கீழே போனேன். முதல் தூணில் நீல மெழுகில் '72 கால் அங்குலம்' என்று இருந்தது. உன் கையெழுத்து. அதற்குக் கீழே 73, 74. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? என் குச்சி! வருஷா வருஷம் காணாமல் போனது இங்கேதான் வந்திருக்கிறது என்று. அர்மானைத் திருடன் திருடன் என்று பதினேழு வருஷம் சொல்லியிருக்கிறேன். சிரிப்பு வந்தது. அடுத்த தூணுக்குப் போனேன். அதிலும் அதே மாதிரி. அதற்கடுத்ததிலும். நாற்பது தூண், டெல்லா. நான் ஊர்ந்து ஊர்ந்து எல்லாவற்றையும் படித்தேன். நீ படுத்து வேலை செய்யப் போட்டிருந்த பச்சைக் கம்பளத் துண்டு அங்கேயே கிடக்கிறது. ஜாக்கியும் கிடக்கிறது, துருப்பிடித்து.

ஒவ்வொரு ஏப்ரலும் நான் மீன் வாளியோடு வரும்போது உன் தலைமுடியில் மண் ஒட்டியிருக்கும். "செடி நட்டியா? ஒண்ணும் மொளைக்கலையே" என்பேன். ஒவ்வொரு வருஷமும் அதே ஜோக். நீ மீனை வாங்கிக் கழுவுவாய்.

88 பாதித் தூண்களில்தான் இருக்கிறது. டிவிக்கு நேர் கீழே உள்ள தூணில் 88 என்று எழுதி, அளவு எழுதாமல் நின்றுவிட்டது. ஜாக்கி அங்கேதான் கிடந்தது. நான் அதன் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஏன் இந்த இடத்தில் நிறுத்தினாய் என்று யோசித்தேன். மேலே தரையைப் பார்த்தேன். அப்புறம் எனக்கு ராக்கூன் ஞாபகம் வந்துவிட்டது.

அது ராக்கூன் இல்லை, இல்லையா?

ரொம்ப நேரம் எழுந்திருக்க முடியவில்லை. முதுகு பிடிக்கவில்லை, மனசுதான். நான் உன்னை உதைத்துத் துரத்தியிருக்கிறேன் டெல்லா. உன் தலைக்கு மேலே நின்றுகொண்டு.

திரும்பி வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதைக் கேட்கும் தைரியம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். எந்தத் தூணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

ஆர்வி


எஸ்கனாபா
ஏப்ரல் 25, 1989

ஆர்வி,

முதுகு பரவாயில்லை. கேட்டதற்கு நன்றி.

முதலில் நடுக்கோட்டோடு தரையை அறுத்துவிடு. இல்லாவிட்டால் ஒரு பாதியைத் தூக்கும்போது மற்றதும் கூடவே வரும். கோணலாக அறுத்துவிடாதே, அவ்வளவு அழகான வேலை. பிறகு நடு வரிசையில் ஆரம்பி. ஒரு தடவைக்குக் கால் அங்குலத்துக்கு மேல் தூக்காதே. டியூபை நம்பு, ஆனால் அதைவிடக் கதவை நம்பு.

இதைத் தனி ஆளாகச் செய்யக் கூடாது. கீழே ஒருவர் தூக்க, மேலே ஒருவர் நின்று கதவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல ஆள் இல்லாததால் ஒவ்வொரு தூணுக்கும் வெளியே வந்து, கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போவேன்.

சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். கீழே வர மாட்டேன். மேலே நிற்பேன். நான்கு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வேறு எதுவும் எண்ணிக்கொள்ளாதே. நானே ஒன்றும் எண்ணவில்லை.

டெல்லா


ஹெம்லாக் கிரீக்
ஏப்ரல் 30, 1989

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி? என் முழங்கால், முழங்கை, முதுகு எல்லாம் இப்போது உன் முழங்காலுக்கு உறவாகிவிட்டன.

நேற்று டெல்லா வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. உடைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். நான் அறுக்கும் மிஷினைக் கொண்டுவந்தேன். அவள் என் சட்டைப்பையிலிருந்து நீலக் குச்சியைக் கேட்காமலே எடுத்து, மண்டியிட்டு, சுவரிலிருந்து சுவர்வரை ஒரு கோடு இழுத்தாள். நான் அறுத்தேன். மூன்று மாத வேலை இருபது நிமிஷத்தில் இரண்டாயிற்று. வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறுத்த உடனே வீடு மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

பிறகு நான் கீழே போனேன். கதவு சிக்கினால் ஒரு உதை, சரியாக மூடினால் இரண்டு உதை என்று பேசிக்கொண்டோம். தலைக்கு மேலே அவள் நடப்பது கேட்கிறது அக்கா. எந்தப் பலகையில் நிற்கிறாள் என்பதுகூடத் தெரிகிறது. அங்கே நகர முடியாமல் கிடந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்ததோடு சரி, முழுசாகத் தெரிந்துகொள்ள முடியாது.

டிவிக்குக் கீழே உள்ள அந்தத் தூணுக்கு வந்ததும் அளவு எழுதாத அந்த 88-ஐ விரலால் தடவினேன். திடீரென்று நேர் மேலே ஓங்கி ஒரு உதை. "ஓடு, சனியன் புடிச்ச ராக்கூனே!" என்று கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலே அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "நான் ஓட மாட்டேன்" என்று கத்தினேன். நான் ஜாக்கியை ஒரு சுற்றுச் சுற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு உதை கேட்டது.

89 என்று யார் எழுதுவது என்று கேட்டேன். "கீழ இருக்கறவன் எழுதட்டும்" என்றாள். எழுதினேன்.

மூன்றரை மணிக்கு இன்னும் பதினான்கு தூண் பாக்கி இருந்தது. பஸ்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. அறுத்த கோட்டின்மேல் ஒரு மேப்பிள் சட்டம் வைத்திருக்கிறேன், நீ சொன்னபடி ஆணி இல்லாமல். மறுபடி ஒரு மேடுதான். காபியோடு அதைத் தாண்டும்போது டெல்லா காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தாள்.

தாளில் அடியில் இடம் விட்டிருக்கிறேன்.

தம்பி ஆர்விட்

ஹெல்மி அக்கா, முழங்காலுக்கு உப்புத் தண்ணீர் ஒத்தடம்தான் நல்லது. ஆறு மாதமாக இந்த வீட்டில் ஒருவரும் ஏலக்காய் வாங்கவில்லை, ஏலக்காய் இல்லாமல் இனிப்பு ரொட்டி எப்படிச் சுடுவது? இன்று ஞாயிறு, பஸ் கிடையாது. நாளைக்கு உண்டு. போவேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. படுக்கையறைக் கதவு நன்றாக மூடுகிறது, திறக்கவும் திறக்கிறது. — டெல்லா